பிளேட் வைத்தாயிற்று... கை குணமாகிவிட்டதா?

மணிக்கட்டு முறிவுக்குத் தகடு பொருத்தும் அறுவை சிகிச்சை பெரும்பாலானவர்களுக்கு நல்லபடியாகவே முடிகிறது. அப்படி முடியாத சிலருக்கு என்ன நேர்கிறது? அதை முன்கூட்டியே எப்படிக் கண்டுகொள்வது?

கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் நோக்கி லூப் ரோட்டில் காலை நடை போகிறவர்களுக்குத் தெரியும்: கடற்காற்று அள்ளிவந்த மணல் தார்ச்சாலையில் பரவிக் கிடக்கும். ஸ்கூட்டரில் வருபவர் சட்டென்று பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். நொச்சிக்குப்பம் பக்கம் மீன் கழுவிய தண்ணீர் தேங்கியிருக்கும். சாந்தோம் நெடுஞ்சாலையின் நடைபாதையில் கல் பெயர்ந்திருக்கும். வீட்டுக்குள் வந்தாலோ சோப்புத் தண்ணீர் காயாத குளியலறை.

எங்கே விழுந்தாலும் உடம்பு முதலில் செய்வது ஒன்றுதான், கையை ஊன்றுவது. தலை தப்பிக்கிறது, மணிக்கட்டு உடைகிறது. கட்டைவிரல் பக்கமாக ஓடும் ரேடியஸ் எலும்பு, மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்து பின்பக்கமாகச் சாய்கிறது. பெரியவர்களுக்கு மிக அதிகமாக ஏற்படும் எலும்பு முறிவுகளில் இது ஒன்று. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வெறும் தரையில் தடுக்கி விழுந்தாலே ஏற்பட்டுவிடுகிறது.

சாந்தோம், மயிலாப்பூர், மந்தைவெளி பகுதிகளில் இப்படி விழுந்தவர்களில் பலர் ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள தனியார் மருத்துவமனைக்கோ போகிறார்கள். வேறு சிலர் புத்தூர் கட்டு போடும் இடத்தைத் தேடிப் போகிறார்கள். மருத்துவமனைக்குப் போனவர்களில் கணிசமானோர் இரண்டு, மூன்று நாளில் கைக்குள் ஓர் உலோகத் தகட்டுடன் வீடு திரும்புகிறார்கள். "பிளேட் வச்சாச்சு, இனிக் கவலையில்லை" என்று உறவினர்கள் ஆறுதல் சொல்கிறார்கள்.

உண்மையில், கவனிக்க வேண்டிய காலம் அப்போதுதான் தொடங்குகிறது. எலும்பு கூடுவதற்குச் சுமார் ஆறு வாரம் போதும். கை பழைய கையாவதற்கு ஓர் ஆண்டுகூட ஆகலாம். தகட்டினால் வரும் சில தொல்லைகள் அதற்கும் பிறகுதான் தலைகாட்டும். அந்த நேரத்தில் நோயாளிக்கு மருத்துவரோடு தொடர்பே விட்டுப் போயிருக்கும். இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது.

மாவுக்கட்டிலிருந்து தகடு வரை

இந்த முறிவை 1814-ல் விவரித்து எழுதியவர் டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு 81 ஆண்டுகள் முன்பு, தொட்டுப் பார்த்தே அவர் அதைக் கண்டறிந்தார். எலும்பு கோணலாகக் கூடினாலும் காலப்போக்கில் கை வலியில்லாமல் இயங்கும் என்பது அவருடைய நம்பிக்கை. மூட்டுக்குள்ளேயே எலும்பு பிளந்து மணிக்கட்டு நழுவும் இன்னொரு வகையை 1838-ல் அமெரிக்க மருத்துவர் ஜான் ரே பார்ட்டன் விவரித்தார். இன்றும் எலும்பு மருத்துவர்கள் இந்த முறிவுகளை இவர்கள் பெயராலேயே அழைக்கிறார்கள்.

நெடுங்காலம் மாவுக்கட்டுதான் சிகிச்சை. பிறகு தோலுக்கு வெளியிலிருந்து மெல்லிய கம்பிகளைச் செருகி எலும்பைப் பிடித்து வைக்கும் முறை வந்தது. மணிக்கட்டின் புறங்கைப் பக்கத்தில் தகடு வைத்தும் பார்த்தார்கள். விரலை நீட்டும் தசைநாண்கள் அங்கே எலும்பை ஒட்டியே ஓடுவதால், அவை தகட்டில் உரசி அறுந்த சம்பவங்கள் 1990-களில் அதிகரித்தன.

2000-ஆம் ஆண்டையொட்டி மயாமியைச் சேர்ந்த கை அறுவை மருத்துவர் ஹோர்ஹே ஓர்பே, தகட்டை உள்ளங்கைப் பக்கமாக வைக்கும் முறையைப் பரப்பினார். இந்தத் தகட்டில் ஸ்க்ரூவின் தலையிலும் மரை உண்டு. அது தகட்டோடு பூட்டிக்கொள்வதால் மெலிந்த எலும்பிலும் பிடி தளராது. உள்ளங்கைப் பக்கம் எலும்புக்கும் தசைநாணுக்கும் நடுவில் ஒரு தசை இருக்கிறது, அது தகட்டை மூடிக் காக்கும். மாதக்கணக்கில் மாவுக்கட்டோடு இருக்க வேண்டாம். சில வாரத்திலேயே மணிக்கட்டை அசைக்கலாம். இருபது ஆண்டுகளில் உலகெங்கும் இதுவே வழக்கமாகிவிட்டது. சென்னையும் விலக்கல்ல.

இது நல்ல கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால் மணிக்கட்டு நெரிசலான இடம். பன்னிரண்டுக்கும் மேற்பட்ட தசைநாண்களும் முக்கியமான நரம்புகளும் ரத்தக் குழாய்களும் எலும்பை ஒட்டிச் செல்லும் அந்தக் குறுகலான இடத்தில், இரண்டு மில்லிமீட்டர் பிசகுகூடப் பெரிய விஷயம்.

கட்டைவிரல் மடங்க மறுக்கும் நாள்

ரேடியஸ் எலும்பின் உள்ளங்கைப் பக்கத்தில், மணிக்கட்டு மூட்டுக்குச் சற்று முன்பாக ஒரு சிறு மேடு இருக்கிறது. மருத்துவர்கள் அதை வாட்டர்ஷெட் கோடு என்பார்கள். தகடு அந்த மேட்டுக்குப் பின்னால் அடங்கியிருக்க வேண்டும். அதைத் தாண்டினால், கட்டைவிரல் நுனியை மடக்கும் தசைநாண் தகட்டின் விளிம்பின் மேலேயே ஓட நேரிடும். கட்டைவிரலை மடக்கும் ஒவ்வொரு முறையும் அது உரசும். பாறையில் உரசும் நங்கூரக் கயிறு இழை இழையாக நைவதுபோல அது நைந்துகொண்டே வரும்.

இது நடக்க மாதங்கள் ஆகலாம், சிலருக்குச் சில ஆண்டுகளும் ஆகலாம். கட்டைவிரலை மடக்கும்போது மணிக்கட்டில் வலி, நறநறவென்ற உணர்வு, லேசான வீக்கம் ஆகியவை முதல் எச்சரிக்கைகள். இந்தக் கட்டத்தில் தகட்டை எடுத்துவிட்டால் தசைநாணைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் அறுந்துபோகும். அறுவது பல நேரம் வலிக்காது. பூட்டில் சாவியைத் திருகப் போகும்போதோ, சட்டைப் பொத்தான் போடும்போதோ கட்டைவிரல் நுனி மடங்காமல் நிற்கும். மீனை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து வெட்டும் நொச்சிக்குப்பத்துப் பெண்ணுக்கும், ஊசி கோக்கும் தையல்காரருக்கும் அது பிழைப்பையே பாதிக்கும்.

தகடு சரியான இடத்தில் இருக்கிறதா என்பதைப் பக்கவாட்டு எக்ஸ்ரேயிலேயே பார்த்துவிடலாம். அமெரிக்காவில் சூங் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் 2011-ல் அதற்கு எளிய அளவுகோல் ஒன்றை வகுத்தார்கள். எலும்பின் முன்விளிம்பைத் தொட்டு ஒரு நேர்கோடு வரைய வேண்டும். தகடு கோட்டுக்குள் அடங்கியிருந்தால் பூஜ்யம், கோட்டைத் தாண்டி முன்னால் துருத்தினால் ஒன்று, எலும்பின் விளிம்பையே எட்டினால் இரண்டு. எண் கூடக்கூட ஆபத்தும் கூடும். எலும்பு சுக்குநூறாக உடைந்திருந்தால், அறுவை மருத்துவர் தெரிந்தே தகட்டை விளிம்புவரை கொண்டுபோக வேண்டியிருக்கும். அதில் தவறில்லை. ஆனால் அந்த நோயாளியிடம் அதைச் சொல்லியாக வேண்டும். எலும்பு கூடியதும் தகட்டை எடுக்கத் தேதி குறித்தாக வேண்டும்.

எதிர்ப்பக்கத்திலும் சிக்கல் உண்டு. உள்ளங்கைப் பக்கமிருந்து போடும் ஸ்க்ரூ சற்று நீளமாகி எலும்பைத் துளைத்து வெளியே நீட்டினால், புறங்கையில் ஓடும் தசைநாண் அறுபடும். கட்டைவிரலை மேலே தூக்கும் தசைநாணுக்குத்தான் பாதிப்பு அதிகம். புறங்கைப் பக்கம் எலும்பில் இருக்கும் ஒரு மேடு வழக்கமான பக்கவாட்டுப் படத்தில் ஸ்க்ரூவின் நுனியை மறைத்துவிடுகிறது. அதனால் அறுவை அரங்கிலேயே மணிக்கட்டை மடக்கி, சாய்கோணத்தில் இன்னொரு படம் எடுக்கும் பழக்கம் வந்திருக்கிறது. ஸ்க்ரூ எலும்பின் முழு ஆழத்துக்கும் போக வேண்டியதில்லை, முக்கால் பங்கு நீளமே உறுதியாகப் பிடிக்கும் என்று 2012-ல் வெளியான ஓர் ஆய்வகச் சோதனை காட்டியது. அதன்பின் பலர் குட்டையான ஸ்க்ரூக்களுக்கு மாறினார்கள்.

கட்டைவிரலைத் தூக்கும் இதே தசைநாண், எலும்பு விலகாமல் வெறும் மாவுக்கட்டோடு ஆறியவர்களுக்கும் அறுந்துபோவதுண்டு. ஆகவே தகடு இல்லாதவர்களும் கட்டைவிரலைக் கவனிக்க வேண்டும்.

மரத்த விரல், எரியும் கை

மணிக்கட்டின் நடுவில் ஒரு சுரங்கப்பாதை வழியாகப் போகும் நரம்புதான் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் தொடு உணர்ச்சிக்குப் பொறுப்பு. முறிவின் வீக்கமோ, ரத்தக் கசிவோ, அறுவையின்போது இழுத்துப் பிடித்ததோ அதை அழுத்தலாம். லேசான மரமரப்பு சில வாரத்தில் தானாக விலகும். ஆனால் அடிபட்ட முதல் நாட்களிலோ அறுவை முடிந்த பிறகோ மரமரப்பும் வலியும் மணிக்கு மணி கூடிக்கொண்டே போனால் அது அவசரம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

இன்னொன்று, காயத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பெருகும் வலி. கை எரியும், விரல்கள் வீங்கிப் பளபளக்கும், நிறம் மாறும், ஒரு கை மட்டும் வியர்க்கும், போர்வை பட்டாலே துடிக்கும். ஜெர்மானிய மருத்துவர் பால் சூடெக் 1900-ல் இதைப் பற்றி எழுதினார். இன்று இதற்கு சிஆர்பிஎஸ் என்று பெயர். தகடு வைத்தவர்களுக்கும் வரும், மாவுக்கட்டுப் போட்டவர்களுக்கும் வரும். எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகக் கூடியிருக்கும். அதனால் நோயாளி மிகைப்படுத்துகிறார் என்று வீட்டாரும் சில நேரம் மருத்துவரும் நினைத்துவிடுகிறார்கள். நோயாளிக்கு நேரும் பெரிய அநீதி அது. இந்த வலி உண்மையானது. சீக்கிரம் கண்டுகொண்டு வலிக்கு மருந்தும், படிப்படியாக அசைக்கும் பிசியோதெரபியும் தொடங்கினால் பலர் மீள்கிறார்கள்.

மணிக்கட்டு முறிவுக்கு எழுதும் மருந்துச் சீட்டில் சில நேரம் வைட்டமின் சி மாத்திரையும் இருக்கும். இந்த வலி நோயைத் தடுக்கும் என்று 1999-ல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று சொன்னதுதான் காரணம். 2014-ல் எடின்பரோவில் நடந்த ஆய்வில் அந்தப் பலன் தென்படவில்லை. மாத்திரை சாப்பிடுவதால் கெடுதல் இல்லை. அதை மட்டும் நம்பி விரலை அசைக்காமல் இருந்துவிடக் கூடாது.

மூட்டும் பிடியும் சீழும்

ஸ்க்ரூ நுனி மூட்டுக்குள் நுழைந்துவிட்டால் மணிக்கட்டை அசைக்கும்போதெல்லாம் குருத்தெலும்பு சுரண்டப்படும். இதைத் தாமதிக்காமல் சரிசெய்ய வேண்டும். மூட்டின் உள்மூலையில் உடைந்த சிறு துண்டு தகட்டின் பிடிக்குள் வராமல் போனால், சில நாட்களிலேயே அது நழுவி மணிக்கட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். முதல் இரண்டு, மூன்று வாரங்களில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது இதைப் பிடிக்கத்தான். தையல் பிரித்தாயிற்று, வலியும் இல்லை என்று அந்தப் படத்தைத் தவிர்ப்பவர்கள் எளிதாகச் சரிசெய்யும் வாய்ப்பைக் கைவிடுகிறார்கள்.

தோல் கிழியாத முறிவில் சீழ் பிடிப்பது அரிது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதல்.

எல்லாவற்றையும்விடப் பரவலான தொல்லை விறைப்புதான். கையைத் துணித் தொட்டிலில் தொங்கப்போட்டு விரலைக்கூட அசைக்காமல் வைத்திருந்தால், மணிக்கட்டு மட்டுமல்ல, விரல்களும் தோளும் இறுகிவிடும். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைப்பது, முதல் நாளிலிருந்தே விரல்களை முழுக்க மடக்கி நீட்டுவது, தோளைச் சுழற்றுவது மூன்றும் மருந்துக்குச் சமம். "அசைச்சா பிளேட் நகர்ந்துடும்" என்ற பயத்தில் வீட்டார் தடுக்கிறார்கள். மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாத வரை விரல்களை அசைப்பதால் தகடு நகராது.

எப்போது உடனே போக வேண்டும்?

• விரல்கள் மரத்து, வலி கூடிக்கொண்டே போனால், விரல் நீலமாகவோ வெளுத்தோ போனால் அன்றே.
• காய்ச்சல், தையலில் சிவப்பு, நீர் அல்லது சீழ் கசிவு இருந்தால் அன்றே.
• உள்ளங்கையை மேசைமேல் படிய வைத்துக் கட்டைவிரலை மட்டும் மேலே தூக்குங்கள். நேற்றுவரை முடிந்தது இன்று முடியாவிட்டால் புறங்கைத் தசைநாணைச் சோதிக்க வேண்டும்.
• கட்டைவிரலின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்குங்கள். மடங்காவிட்டால், அல்லது மடக்கும்போது மணிக்கட்டில் நறநறத்தால், தகடு வைத்து எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.
• ஈரத்துணி பிழியவும் சொம்பைத் தூக்கவும் முடிந்த கை, மெல்ல மெல்ல முடியாத நிலைக்குத் திரும்பினாலும் அப்படியே.

எல்லோருக்கும் தகடு தேவையா?

கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கு உலகம் பொறுமையாக விடை தேடியிருக்கிறது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 73 பேரில் ஒரு பிரிவுக்குத் தகடு வைத்தார்கள், மறு பிரிவுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். 2011-ல் முடிவு வெளியானது. தகடு வைத்தவர்களின் எக்ஸ்ரே நேராக இருந்தது, பிடிவலுவும் கூடுதல். ஆனால் ஓராண்டு முடிவில் அன்றாட வேலை செய்யும் திறனில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சிக்கல்கள் தகடு வைத்தவர்களிடம்தான் அதிகம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 60 வயது கடந்தவர்களிடம் நடந்த ஆய்வு 2021-ல் ஏறக்குறைய இதையே சொன்னது.

பிரிட்டனில் 18 மருத்துவமனைகளில் 461 பேரிடம் தகட்டையும் கம்பியையும் ஒப்பிட்டு 2014-ல் வெளியிட்டார்கள். ஓராண்டு முடிவில் இரண்டும் சமம். 2022-ல் கம்பியையும் மாவுக்கட்டையும் ஒப்பிட்டபோதும் ஓராண்டு முடிவு சமமே. ஆனால் மாவுக்கட்டுப் போட்டவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு எலும்பு நழுவி, பிறகு அறுவை தேவைப்பட்டது. மாவுக்கட்டுக்கும் விலை உண்டு என்பதை இது காட்டுகிறது.

காலிஸ் இருநூறு ஆண்டுகளுக்கு முன் நம்பியது முதியவர்கள் பலரின் விஷயத்தில் பெரிதும் பலித்திருக்கிறது. அதற்காகத் தகடே வேண்டாம் என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. மூட்டுக்குள் விலகிப் பிளந்த முறிவு, பார்ட்டன் வகை முறிவு, எலும்பு தோலைக் கிழித்த முறிவு, உழைக்கும் வயதினரின் நிலைகொள்ளாத முறிவு ஆகியவற்றில் தகடு கையைக் காப்பாற்றுகிறது. சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டியவர்களுக்கும் அது உதவுகிறது. படத்தை மட்டும் பார்க்காமல், படத்துக்குரிய மனிதரின் வயதையும் வேலையையும் தேவையையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் இந்த ஆய்வுகளின் சாரம்.

அறுந்தாலும் வழி உண்டு

நைந்து அறுந்த தசைநாணின் இரு முனைகளையும் நேராகச் சேர்த்துத் தைப்பது பெரும்பாலும் முடியாது. வேறிடத்திலிருந்து எடுத்த தசைநாணை ஒட்டாக வைக்கலாம். இல்லையென்றால் இன்னொரு விரலின் தசைநாணை இடம் மாற்றித் தைக்கலாம். ஆள்காட்டி விரலை நீட்ட இரண்டு தசைநாண்கள் இருப்பதால், அவற்றில் ஒன்றைக் கட்டைவிரலுக்குக் கொடுத்தாலும் அந்த விரல் தன் வேலையைச் செய்யும்.

இந்தக் கலையில் தமிழ்நாட்டுக்குப் பெருமைமிக்க மரபு இருக்கிறது. 1940-களின் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்றிப் பொருத்தி, அந்தக் கைகளும் மீண்டும் உழைக்கும் என்று உலகத்துக்குக் காட்டினார். வடசென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைத் துறையைப் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்தார். இன்றும் ஏழைத் தொழிலாளிகளின் கைகளுக்கு அதுவே புகலிடம். தசைநாண் அறுந்தவர்கள் இனி இப்படித்தான் என்று ஒதுங்க வேண்டியதில்லை. கை அறுவையில் தேர்ந்தவரிடம் போக வேண்டும்.

கேட்டு வாங்க வேண்டியவை

அறுவைக்கு முன் நான்கு கேள்விகள்: எனக்குத் தகடு ஏன் தேவை? மாவுக்கட்டோ கம்பியோ போட்டால் என்ன ஆகும்? தகடு விளிம்புவரை போகுமா, பிறகு எடுக்க வேண்டியிருக்குமா? பிசியோதெரபி எப்போது தொடங்கும், யார் சொல்லித்தருவார்கள்? சிகிச்சையின் மாற்று வழிகளையும் ஆபத்துகளையும் நோயாளிக்கு விளக்கிய பிறகே ஒப்புதல் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கேள்வி கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது.

வீட்டுக்கு வரும்போது அறுவைக் குறிப்பு, முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேக்கள், தகட்டின் நிறுவனம், வகை, தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கரின் நகல் ஆகியவற்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் தகட்டை எடுக்க நேர்ந்தால் அந்த ஸ்க்ரூவுக்கு ஏற்ற திருப்புளி வேண்டும். எந்த நிறுவனத் தகடு என்று தெரியாமல் திறந்தால் ஸ்க்ரூ தலை மழுங்கி, சிறிய வேலை பெரிய அறுவையாகிவிடும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் வகுத்த விதி. தகடோ ஸ்க்ரூவோ உடைந்தது போன்ற கருவிக் குறைகளைப் பதிவு செய்ய 2015 ஜூலை முதல் மத்திய அரசின் கண்காணிப்புத் திட்டம் ஒன்றும் இயங்குகிறது. அதில் பதிவு செய்யும்படி மருத்துவமனையைக் கேட்கலாம்.

தொல்லை இல்லாத தகட்டை எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. வாழ்நாள் முழுக்க உள்ளேயே இருக்கலாம்.

அரசும் மருத்துவமனைகளும் செய்ய வேண்டியது

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் இன்னுயிர் காப்போம் திட்டமும் ஏழை வீடுகளுக்கு அறுவைச் செலவு என்ற பாரத்தை இறக்கிவைத்திருக்கின்றன. இது சாதாரணச் சாதனையல்ல. ஆனால் அறுவைக்குப் பணம் தரும் ஏற்பாட்டில் அதற்குப் பின்வரும் மாதங்களுக்கும் இடம் வேண்டும். தனியார் மருத்துவமனையின் பேக்கேஜும் தையல் பிரிப்பதோடு முடிந்துவிடக் கூடாது. இரண்டாவது வாரம், ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஓராண்டு என்று நான்கு முறை கட்டாயம் பார்க்கும் வழக்கம் வர வேண்டும். வராதவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். மணிக்கட்டு முறிந்த முதியவர்களையும் அவர்கள் பட்டியலில் சேர்த்தால், பட்டினப்பாக்கம் குடியிருப்பின் மாடிப்படி இறங்க முடியாத பாட்டிக்கும் சிகிச்சை கிடைக்கும்.

இன்னொரு கடமையும் பாக்கியிருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேல் சாதாரணமாக விழுந்து மணிக்கட்டு முறிந்தால், எலும்பு மெலிந்திருக்கலாம் என்பதற்கு அது அடையாளம். அடுத்து முறியப்போவது இடுப்பாக இருக்கலாம். முதியவரை ஒரேயடியாகப் படுக்கையில் தள்ளக்கூடிய முறிவு அது. தகடு வைத்து அனுப்பும் ஒவ்வொருவருக்கும் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும், தேவையானால் எலும்பு மெலிவுக்கான மருந்தும், குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்தச் சொல்லும் அறிவுரையும் சேர்ந்தே போக வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது மணிக்கட்டில் தகடு இருந்தால் இன்றே அவர்களுடைய கட்டைவிரலை மடக்கியும் தூக்கியும் காட்டச் சொல்லுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. வலியோ நறநறப்போ இருந்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். தசைநாண் அறுவதற்கு முன் தகட்டை எடுப்பது சிறிய அறுவை. அறுந்தபின் கையை மீட்பது மாதக்கணக்கான போராட்டம். இந்த வித்தியாசம் தகடு வைத்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி அனுப்புவதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.